காவிரித் தீவும் கடல் துறைமுகமும்: பண்டைய நங்கூரக் கற்கள் கூறும் வரலாறு

கர்நாடக மாநிலத்தில் மைசூருக்கு அருகே காவிரி ஆறு இரு கிளைகளாகப் பிரிந்து மீண்டும் ஒன்றுசேரும் இடத்தில் அமைந்துள்ள தீவு ஸ்ரீரங்கப்பட்டணம் ஆகும். கடலிலிருந்து நெடுந்தொலைவு விலகிய இவ்வூரின் ஆற்றில் பரிசல்கள் செல்லுமேயன்றிக் கப்பல்கள் செல்வதில்லை. பாறைகளும், சிவசமுத்திரம், ஒகேனக்கல் போன்ற அருவிகளும் இடைப்பட்டிருப்பதால், கழிமுகத்திலிருந்து எந்தக் கலமும் இத்தீவை வந்தடைய இயலாது. எனினும், துறைமுகங்களின் வரலாற்றை ஆராய்வோர் இவ்வூரிலிருந்து தொடங்குவதற்கு இரண்டு காரணங்கள் உண்டு. முதலாவதாக, இந்தியாவில் ஒழுங்காகத் திட்டமிடப்பட்ட கடற்படை ஒன்றுக்கான ஆணை இங்கிருந்துதான் பிறந்தது. இரண்டாவதாக, இத்தீவைச் சூழ்ந்தோடும் ஆறே, கழிமுகத்தில் காவிரிப்பூம்பட்டினம் என்னும் பண்டைத் துறைமுகத்தை ஆக்கிய ஆறாகும்.

ஒரு கப்பல் எங்கே நிற்கும், எவ்வாறு நிற்கும் என்னும் கேள்வி எளிதாகத் தோன்றலாம். ஆனால் துறைமுகங்களின் எழுச்சியும் வீழ்ச்சியும் பெரும்பாலும் இக்கேள்விக்குக் கிடைத்த விடையையே சார்ந்திருந்தன. அவ்விடையின் சான்றுகள் கடலடியில் கற்களாகக் கிடக்கின்றன.

தலைநகரில் பிறந்த கடற்படைத் திட்டம்

மைசூரை ஆண்ட ஹைதர் அலியும் திப்பு சுல்தானும் கடலாதிக்கத்தின் இன்றியமையாமையை உணர்ந்திருந்தனர். ஹைதரின் கப்பல்கள் மங்களூரில் நின்றிருந்தபோது, 1780ஆம் ஆண்டில் ஆங்கிலேயக் கடற்படைத் தளபதி எட்வர்டு ஹியூஸ் அவற்றைத் தாக்கி அழித்தார். அதன்பின் 1784ஆம் ஆண்டளவில், குருபுரா ஆற்றின் வழியாகப் போர்க்கப்பல்கள் உட்புகுவதைத் தடுக்கும் நோக்கத்துடன், மங்களூரில் கருங்கல்லால் ஒரு காவற்கோட்டை எழுப்பப்பட்டது. சுல்தான் பத்தேரி என்னும் பெயருடன் அது இன்றும் நிற்கிறது.

1792ஆம் ஆண்டின் ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கை திப்புவின் ஆட்சிப் பரப்பில் ஏறத்தாழப் பாதியைப் பறித்தது. மலபார் கைநழுவிய போதிலும் மங்களூரை உள்ளிட்ட கன்னடக் கடற்கரை அவரிடமே எஞ்சியது. 1796ஆம் ஆண்டில் அவர் பிறப்பித்த கடற்படை ஆணை, சுமார் நாற்பது போர்க்கப்பல்களைக் கட்டுவதற்கு வழிவகுத்தது. பதினொருவர் கொண்ட கடற்படை வாரியம் ஒன்றும் தலைநகரில் அமைக்கப்பட்டது. மங்களூர் உட்பட மேற்குக் கரையின் மூன்று இடங்களில் கப்பல் கட்டும் தளங்கள் குறிக்கப்பட்டன. 1799 மே 4ஆம் நாள் கோட்டை வீழ்ந்து திப்பு மாண்டதும் திட்டம் முடிவுற்றது. கைப்பற்றப்பட்ட ஆவணங்களிலிருந்து வில்லியம் கிர்க்பாட்ரிக் 1811இல் வெளியிட்ட ஆங்கில மொழிபெயர்ப்பின் வாயிலாகவே இவ்வாணை அறியப்படுகிறது.

இத்திட்டம் எதிர்நோக்கிய இடர்ப்பாடு பணமோ மரமோ மட்டுமன்று. மங்களூரின் ஆற்றுமுகத்தில் மணல் திட்டு உண்டு. பெரிய கலங்கள் அதனைக் கடந்து உள்ளே வருவது அரிது. ஆகவே அவை வெளிக்கடலில் நங்கூரமிட்டு நிற்க, சரக்குகள் சிறு படகுகளில் ஏற்றி இறக்கப்பட்டன. தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் அதுவும் இயலாது. 1970களில் பணம்பூரில் புதிய மங்களூர் துறைமுகம் வெட்டி அமைக்கப்பட்ட பின்னரே அப்பகுதியில் எல்லாப் பருவங்களிலும் பெருங்கப்பல்கள் பாதுகாப்பாக நிற்க முடிந்தது.

கட்டுந்துறையும் நங்கூரத்துறையும்

பண்டைத் துறைமுகங்களை இரண்டாகப் பகுத்துக் காண்பது பயனுள்ளதாகும். ஒன்று, கலங்களைக் கரையோடு சேர்த்துக் கயிற்றால் கட்டும் துறை. மற்றொன்று, கரையிலிருந்து விலகிக் கடலில் நங்கூரமிட்டு நிற்கும் துறை.

முதல் வகைக்குச் சான்றுகள் நிலத்தில் கிடைக்கின்றன. குஜராத்திலுள்ள லோத்தலில் எஸ்.ஆர். ராவ் 1955 முதல் நடத்திய அகழ்வாராய்ச்சியில், 200 மீட்டருக்கும் அதிக நீளமுள்ள செங்கல் தொட்டி ஒன்று வெளிப்பட்டது. அது கப்பல் துறையே என்பது ராவின் முடிவாகும். பாசன ஏரியாக இருக்கலாம் என்று 1968இல் லாரன்ஸ் லெஷ்னிக் மறுத்துரைத்தார். அத்தொட்டியில் கிடைத்த துளையிட்ட கற்கள் நங்கூரங்களாகக் கொள்ளப்பட்டமை, ராவின் தரப்புக்குரிய சான்றுகளுள் ஒன்றாயிற்று. கேரளத்தின் பட்டணத்தில் 2007ஆம் ஆண்டு அகழ்வில் செங்கல் துறைமேடையும், படகு கட்டும் மரத்தறிகளும், சுமார் 6 மீட்டர் நீளமுள்ள மரத்தோணி ஒன்றும் கிடைத்தன.

இரண்டாம் வகையான துறையில் கரையில் கட்டடம் எதுவும் தேவையில்லை. சோழமண்டலக் கடற்கரையில் பல நூற்றாண்டுகள் வணிகம் இவ்வாறே நடைபெற்றது. செயற்கைத் துறைமுகம் கட்டப்படுவதற்கு முன் சென்னையில் கப்பல்கள் திறந்த கடலில் நின்றன. மசூலா படகுகளே அலைகளைக் கடந்து மக்களையும் பொருள்களையும் கரை சேர்த்தன. வடகிழக்குப் பருவக்காற்றுத் தொடங்கியதும் இத்தகைய இடங்கள் பேராபத்து நிறைந்தவையாக மாறும். 1746ஆம் ஆண்டு அக்டோபரில் சென்னைக்கு எதிரே நின்ற பிரெஞ்சுக் கப்பற்படை, ஒரே புயலில் சிதைவுற்றது. இவ்வகைத் துறைகள் விட்டுச் சென்ற சான்றுகளுள் முதன்மையானவை, அறுந்தும் சிக்கியும் கைவிடப்பட்டும் கடலடியில் தங்கிவிட்ட நங்கூரங்களே ஆகும்.

நங்கூரம் பிடிக்கும் முறை

நங்கூரம் தன் எடையால் மட்டுமே கப்பலை நிறுத்துகிறது என்று எண்ணுவது முழுமையான கருத்தன்று. நீரில் மூழ்கிய கல், தான் விலக்கிய நீரின் எடைக்குச் சமமான எடையை இழக்கிறது. கருங்கல்லின் அடர்த்தி நீரைப்போல் ஏறத்தாழ 2.65 மடங்காகும். ஆகவே நிலத்தில் 100 கிலோகிராம் எடையுள்ள கருங்கல், கடல் நீரில் சுமார் 61 கிலோகிராம் எடையே காட்டும். அதனுடன், தரைக்கும் கல்லுக்கும் இடையேயுள்ள உராய்வும் தரையின் தன்மைக்கேற்ப மாறும். ஆகவே வெறும் எடையை நம்பும் கல், சிறு படகுக்கு ஏற்றதாயினும் பெருங்கலத்துக்குப் போதாது.

கயிற்றின் நீளமும் இதில் முக்கியப் பங்கு வகிக்கிறது. நீரின் ஆழத்திற்குச் சமமான கயிறு மட்டும் விடப்பட்டால், அலையில் கப்பல் எழும்போது கயிறு நங்கூரத்தை மேல்நோக்கித் தூக்கிவிடும். ஆழத்தைப்போல் பல மடங்கு நீளமாகக் கயிறு விடப்பட்டால், இழுவிசை கிடைமட்டமாகி நங்கூரம் தரையை மேலும் பற்றிக்கொள்ளும். பிற்காலத்தில் இரும்புச் சங்கிலி வந்தபோது, அதன் எடையே தரையோடு படிந்து இப்பயனை அளித்தது.

பாறை நிறைந்த தரையில் கொக்கி போன்ற கொம்புகள் நன்றாகப் பற்றும். ஆனால் அவை இடுக்கில் சிக்கி மீட்க முடியாமற்போவதும் உண்டு. மணலிலும் களிமண்ணிலும் அகன்ற நுனியுடைய கொம்புகள் புதைந்து பிடிக்கும். எனவே, ஒரு துறையில் கிடக்கும் நங்கூரத்தின் வடிவம் அத்துறையின் தரையையும், அங்கு வந்த கலங்களின் அளவையும் ஒருங்கே உணர்த்தவல்லதாகும்.

கல் நங்கூர வகைகள்

கல் நங்கூரங்களைத் தனித்துறை ஆய்வாக வளர்த்தவர்களுள் ஹானர் ஃப்ராஸ்ட் என்னும் ஆங்கிலப் பெண்மணி முன்னோடியாவார். மத்தியதரைக் கடலின் பல துறைமுகங்களில் கிடைத்த துளையிட்ட கற்களை அவர் வகைப்படுத்தினார். துருக்கிக் கடலோரம் உலுபுருன் என்னுமிடத்தில் மூழ்கிய கி.மு. 14ஆம் நூற்றாண்டுக் கப்பலில் 24 கல் நங்கூரங்கள் கிடைத்தமை, ஒரு பயணத்தில் எத்தனை நங்கூரங்கள் இழக்கப்படலாம் என்று மாலுமிகள் எதிர்பார்த்தனர் என்பதைப் புலப்படுத்துகிறது.

இந்தியக் கடற்பகுதிகளில் கிடைத்துள்ளவற்றை மூன்று பெரும் பிரிவுகளாக வகுக்கலாம்.

முதற் பிரிவு, ஒரே துளையுடைய எடைக்கல் அல்லது வளையக்கல். கயிறு கட்டுவதற்கு மட்டும் துளையிடப்பட்ட இது, எடையாலும் உராய்வாலும் இயங்குவது. மிக எளிய இவ்வமைப்பு எல்லாக் காலங்களிலும் வழங்கியது. கட்டுமரங்களிலும் சிறு படகுகளிலும் கயிறு கட்டிய கல்லை இறக்கும் வழக்கம் அண்மைக் காலம் வரை தொடர்ந்துள்ளது.

இரண்டாம் பிரிவு, மூன்று துளைகளையுடைய தட்டைக்கல். மேலுள்ள வட்டத் துளையில் கயிறும், கீழுள்ள இரு துளைகளில் கூரிய மரக்கொம்புகளும் பொருத்தப்பட்டன. கல்லின் எடை கொம்புகளைத் தரையில் அழுத்த, கொம்புகள் பற்றிக்கொண்டன.

மூன்றாம் பிரிவு, இந்திய-அரபு வகை என்று அறிஞர்களால் குறிக்கப்படுவது. நீண்ட தூண் போன்று செதுக்கப்பட்டு ஒரு முனையில் ஒடுங்கும் இக்கல்லின் கீழ்ப்பகுதியில் இரண்டு சதுரத் துளைகள் ஒன்றுக்கொன்று செங்குத்தான திசைகளில் அமைந்திருக்கும். அவற்றில் மரங்களைச் செருகினால் நான்கு புறமும் கொம்புகள் நீளும். எப்புறம் விழுந்தாலும் ஏதேனுமொரு கொம்பு தரையைப் பற்றும் என்பது இதன் சிறப்பு. குஜராத், மகாராஷ்டிரம், கோவா ஆகியவற்றின் கடற்கரைகளிலும், இலங்கையின் காலித் துறைமுகத்திலும், ஓமானிலும், பாரசீக வளைகுடாவின் சிராஃப் துறைமுகத்திலும், கிழக்கு ஆப்பிரிக்கக் கரையிலும் இவ்வகை காணப்படுகிறது. ஒரே வடிவம் இத்தனை கரைகளில் பரவியிருப்பது, இந்தியப் பெருங்கடல் வணிகர்களிடையே தொழில்நுட்பம் பொதுவுடைமையாக விளங்கியதைக் காட்டுகிறது.

ரோமானியர் மரத்தாலான நங்கூரத்தில் ஈயத்தாலான குறுக்குத் தண்டைப் பொருத்தினர். மரம் மிதக்கும் இயல்புடையதாகையால், அதனை மூழ்கச் செய்யவும், கொம்பு தரையில் நேராக இறங்கவும் இந்த ஈயம் உதவிற்று. பேட் துவாரகைக் கடற்பகுதியில் ரோமானியச் சாடிகளின் உடைந்த பகுதிகளும் ஈய நங்கூரம் ஒன்றும் கிடைத்துள்ளமை, நம் நாட்டுடனான மேலைக் கடல் வணிகத்திற்கு மேலும் ஒரு சான்றாகும்.

காவிரியின் கழிமுகம்

ஸ்ரீரங்கப்பட்டணத்தைக் கடக்கும் நீர் வங்கக் கடலை அடையுமிடத்தில் இருந்த காவிரிப்பூம்பட்டினத்தைத் தாலமி ‘கபேரிஸ்’ வணிகத்துறை என்று குறித்தார். கடியலூர் உருத்திரங்கண்ணனார் இயற்றிய பட்டினப்பாலை, உப்பு விற்று நெல்லுடன் மீண்ட படகுகள் கழியோரத்தில் கட்டப்பட்டிருந்ததைக் கூறுகிறது. புறநானூற்றின் 30ஆம் பாடல், பெருங்கலம் பாயையும் இறக்காமல், பாரத்தையும் குறைக்காமல் புகாரினுள் நுழைந்ததைக் குறிப்பிடுகிறது. இவ்விரண்டையும் ஒருங்கே நோக்கினால், ஆழமான ஆற்றுமுகமும், சிறு படகுகளுக்கான உட்கழித் துறைகளும் ஒரே நகரில் அமைந்திருந்தமை தெளிவாகும்.

1960களில் இந்தியத் தொல்பொருள் ஆய்வுத் துறை நடத்திய அகழ்வில், கீழையூரில் செங்கல் துறைமேடை ஒன்றும் அதனையொட்டி மரத்தூண்களின் எச்சங்களும் வெளிப்பட்டன. கார்பன் காலக் கணிப்பு அம்மரத்தைக் கி.மு. மூன்றாம் நூற்றாண்டை ஒட்டி வைக்கிறது. வாணகிரியில் நீர்த்தேக்க அமைப்பும், பல்லவனீச்சரத்தில் புத்த விகாரமும் கண்டறியப்பட்டன.

கோவாவிலுள்ள தேசியக் கடலியல் ஆராய்ச்சி நிலையத்தில் எஸ்.ஆர். ராவின் தலைமையில் கடலடித் தொல்லியல் பிரிவு அமைந்ததைத் தொடர்ந்து, 1981 முதல் பூம்புகார்க் கடலிலும் ஆய்வுகள் மேற்கொள்ளப்பட்டன. ஆழம் குறைந்த பகுதிகளில் செதுக்கிய கற்களும் மட்பாண்டத் துண்டுகளும் காணப்பட்டன. சுமார் 19 மீட்டர் ஆழத்தில் மூழ்கிய கப்பல் ஒன்றிலிருந்து ஈயப் பாளங்கள் எடுக்கப்பட்டன. அவற்றில் ‘டபிள்யூ. பிளாக்கெட்’ என்னும் ஆங்கிலப் பெயரும், 1791, 1792 என்னும் ஆண்டுகளும் பொறிக்கப்பட்டிருந்தன. ஸ்ரீரங்கப்பட்டணம் முற்றுகையிடப்பட்டு உடன்படிக்கை கையெழுத்தான அதே ஆண்டுகளின் முத்திரை இது. துப்பாக்கிக் குண்டு வார்ப்பதற்கும் ஈயம் பயன்பட்ட காலம் அது. அக்கப்பல் எதற்காக எங்கே சென்றது என்பதை இப்பாளங்கள் மட்டும் கூறிவிட மாட்டா. ஆயினும், இக்கப்பல் எந்த ஆண்டிற்கு முன்பு மூழ்கியிருக்க முடியாது என்பதை அவை உறுதியாகக் கூறுகின்றன.

கிழக்குக் கரையில் கல் நங்கூரங்கள் மேற்குக் கரையை நோக்க மிகக் குறைவாகவே அறியப்பட்டுள்ளன. இதனைக் கொண்டு கிழக்கில் கப்பல் போக்குவரத்துக் குறைவென்று முடிவு செய்தல் தவறாகும். துவாரகைக் கடலடி பாறைகள் நிறைந்தது. அங்கு விழுந்த கல் கண்ணுக்குப் புலனாகிறது. காவிரிக் கழிமுகமோ மணலும் வண்டலும் படிந்தது. அங்கு விழுந்த கல் புதைந்துவிடும். சான்று கிடைக்காமையும் சான்று இல்லாமையும் ஒன்றல்ல.

காலத்தைக் கணித்தல்

கல் எப்போது செதுக்கப்பட்டது என்பதைக் கார்பன் முறையால் அறிய முடியாது. ஆகவே நங்கூரத்தின் காலத்தை அறிவதற்குச் சில மறைமுக வழிகளே உள்ளன. கொம்பின் மரத்துண்டு துளையில் எஞ்சியிருந்தால் அதனைக் கார்பன் கணிப்புக்கு உட்படுத்தலாம். காலம் தெரிந்த கப்பலின் சிதைவோடு கல் கிடைத்தால் அக்காலத்தையே ஏற்கலாம். பழைய கட்டடம் ஒன்றின் சுவரில் நங்கூரக்கல் வைத்துக் கட்டப்பட்டிருந்தால், அது அக்கட்டடத்திற்கு முற்பட்டது என்று கொள்ளலாம். கல்லின் நுண்படலத்தை உருப்பெருக்கியில் ஆராய்ந்து, அது எப்பகுதிப் பாறையிலிருந்து வெட்டப்பட்டது என்றும் அறியலாம்.

இம்முறைகளின் பயனுக்குத் துவாரகை சிறந்த எடுத்துக்காட்டாகும். அங்குக் கடலடியில் கண்ட கல் அமைப்புகளைக் கி.மு. இரண்டாம் ஆயிரத்தாண்டைச் சேர்ந்த நகரத்தின் எச்சங்களாக ராவ் கருதினார். பின்னர் ஏ.எஸ். கௌர், சுந்தரேஷ் முதலிய ஆய்வாளர்கள் அங்கே நூற்றுக்கும் மேற்பட்ட கல் நங்கூரங்களைப் பதிவு செய்தனர். அவற்றுள் இந்திய-அரபு வகைக் கற்களும் இருந்தன. பிற துறைமுகங்களில் அவ்வகை இடைக்காலத்தைச் சேர்ந்ததாக அறியப்பட்டிருப்பதால், அக்கடற்பகுதி வரலாற்றுக் காலத்தில் சுறுசுறுப்பான துறைமுகமாக விளங்கியது என்னும் முடிவு வலுப்பெற்றது. மக்கள் மனத்தில் ஆழப் பதிந்த ஒரு கருத்தை, ஒரு கல்லின் வடிவம் மறுபரிசீலனைக்கு உட்படுத்தியது. நம்பிக்கைக்கு உரிய இடம் வேறு. காலக் கணிப்புக்கு உரிய இடம் வேறு.

இதே எச்சரிக்கை பூம்புகாருக்கும் பொருந்தும். 1993இல் சுமார் 23 மீட்டர் ஆழத்தில் குதிரை லாடம் போன்ற வடிவமுடைய ஓர் அமைப்புக் காணப்பட்டது. அவ்வாழம் நிலமாக இருந்த காலத்தைக் கணக்கிட்டு, அது பல்லாயிரம் ஆண்டுத் தொன்மையுடையது என்று கூறுவோர் உண்டு. ஆனால் ஒரு பொருள் கிடக்கும் ஆழம் அதன் வயதாகிவிடாது. அதனுடன் காலத்தை உணர்த்தும் பானையோ, மரமோ, நாணயமோ கிடைத்தாலன்றி முடிவு கூறுதல் முறையன்று.

ஆராயும் முறை

கடலடி ஆய்வு கரையிலேயே தொடங்குகிறது. பழைய நிலப்படங்கள், ஆற்றின் கைவிடப்பட்ட தடங்கள், மீனவர்களின் வலை சிக்கும் இடங்கள் ஆகியவை முதலில் தொகுக்கப்படுகின்றன. இலங்கையில் கோடவாய அருகே, இரண்டாயிரம் ஆண்டுத் தொன்மையுடைய கப்பல் சிதைவு 2003இல் வெளிப்பட்டது, சங்கு குளிப்போரின் வாயிலாகவே என்பது குறிப்பிடத்தக்கது.

அடுத்து, பக்கவாட்டு ஒலியலைக் கருவி கடற்தரையின் உருவத்தைப் பதிவு செய்கிறது. மற்றொரு கருவி தரைக்கு அடியிலுள்ள படிவங்களை ஊடுருவிக் காட்டுகிறது. காந்தமானி இரும்பு நங்கூரங்களையும் பீரங்கிகளையும் கண்டறியும்; ஆனால் பெரும்பாலான கல் நங்கூரங்கள் அதற்குப் புலப்படா. இறுதியில் மூழ்கி ஆராய்வோர் நேரில் கண்டு, அளந்து, படமெடுத்து, கல் கிடந்த திசையையும் குறித்துக்கொள்கின்றனர். ஒரே திசையில் பல நங்கூரங்கள் கிடந்தால், அக்காலத்தில் கலங்கள் எந்தக் காற்றுக்கு எதிராக நின்றன என்பதை ஊகிக்கலாம். இடத்தைக் குறிக்காமல் கரைக்கு எடுத்துவரப்பட்ட கல்லுக்கு இப்பயன் இல்லை. அது காட்சிப் பொருளாகலாம், சான்றாவது கடினம்.

பாதுகாப்பும் பொறுப்பும்

கடலடிச் சான்றுகளுக்கு இன்று பல முனைகளிலிருந்து ஊறு நேர்கிறது. இழுவலைகள் தரையை வாரிச் செல்கின்றன. துறைமுகங்களை ஆழப்படுத்தத் தூர் வாரும்போது பழைய நங்கூரத்துறைகளே முதலில் அகற்றப்படுகின்றன. ஏனெனில் கப்பல் நிற்பதற்கு அன்று தகுதியாக இருந்த இடம் பெரும்பாலும் இன்றும் தகுதியான இடமாகவே உள்ளது. ஆற்றின் மேற்பகுதியில் எடுக்கப்படும் முடிவுகளும் கழிமுகத்தைத் தொடுகின்றன. ஸ்ரீரங்கப்பட்டணத்திற்கு மேலே கட்டப்பட்ட கிருஷ்ணராஜ சாகரமும், 1934இல் நிறைவுற்ற மேட்டூர் அணையும் பல இலட்சம் ஏக்கர் நிலத்திற்கு வாழ்வளித்தன. அதே வேளையில் ஆறு கொணரும் வண்டலின் ஒரு பகுதியை அவை தேக்கிக்கொள்கின்றன. வண்டல் குறையும் கழிமுகத்தில் கடல் அரிப்புக்கு எதிரான இயற்கைக் காப்பும் குறையும். ஆகவே, கழிமுகத் தொல்லியலைப் பேணுவது ஆற்றுப் படுகை முழுவதையும் நோக்கிய திட்டமிடலின் ஒரு பகுதியாதல் வேண்டும்.

1958ஆம் ஆண்டின் தொன்மைச் சின்னங்கள் சட்டமும், 1972ஆம் ஆண்டின் தொல்பொருள்கள் சட்டமும் பாதுகாப்புக்கு அடிப்படையாக உள்ளன. இந்தியத் தொல்பொருள் ஆய்வுத் துறையில் 2001ஆம் ஆண்டு கடலடித் தொல்லியல் பிரிவு ஒன்று தோற்றுவிக்கப்பட்டது. அதே ஆண்டில் யுனெஸ்கோ ஏற்றுக்கொண்ட உடன்பாடு, கடலடி மரபுச் செல்வத்தைக் கிடந்த இடத்திலேயே பாதுகாப்பதை முதல் வழியாகக் கருத வேண்டும் என்று கூறுகிறது.

எனினும் சட்டம் கடலடிக்குத் தானே சென்று காவல் புரிவதில்லை. துறைமுகப் பணிகளுக்கு ஒப்புதல் வழங்குமுன் கடற்தரை ஆய்வுப் பதிவுகளைத் தொல்லியலாளர் காண்பதற்கு ஏற்பாடு செய்வது மாவட்ட, துறைமுக அலுவலர்களின் கையில் உள்ளது. வலையில் சிக்கிய துளைக்கல்லை எங்கே, எத்தனை ஆழத்தில் கண்டனர் என்று மீனவர் கூறுவதைப் பதிந்துகொள்ள மீன்வளத் துறையின் கிராம அளவிலான பணியாளரே போதும். கடலோரக் கல்லூரிகளின் மாணவர்கள், கோயில் சுவர்களிலும் கிணற்றடிகளிலும் துணி துவைக்கும் துறைகளிலும் வேறு பயனுக்கு வந்துவிட்ட நங்கூரக் கற்களை அளந்து பட்டியலிடலாம். இதற்குப் பெருஞ்செலவு இல்லை. அளவு நாடாவும் கவனமும் போதும்.

ஸ்ரீரங்கப்பட்டணத்தில் எழுதப்பட்ட கடற்படை ஆணை தாளில் எஞ்சியது. காவிரிப்பூம்பட்டினத்தில் நின்ற கலங்களோ தாளில் எதையும் எழுதிச் செல்லவில்லை. அவற்றின் பதிவேடு கடலடிக் கற்களும், புதைந்த மரத்தறிகளும், ஈயப் பாளங்களுமே ஆகும். அப்பதிவேட்டின் ஏடுகள் தூர்வாரும் எந்திரத்தில் கலைந்துவிட்டால் மீண்டும் அடுக்க இயலாது. ஆய்வுக்குப் பின் பணி என்னும் ஒழுங்கைக் கடலோரத் திட்டங்களில் நிலைநாட்டுவதே இதற்குரிய பாதுகாப்பாகும்.